ஒன்பது பந்துகளும் இரண்டு தலைவர்களும்

பெப்ரவரி மாதத்து முதற் செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வீடு திரும்பிய தில்லைநாயகி, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றவாறே கைபேசியில் வந்திருந்த ஒரு மின்னஞ்சலை மூன்று முறை படித்தார். சுவிஸ் நாட்டுக் கூர் நகரின் அமெரிக்கன் ஃபுட்போல் கழகத்துக்கு வரும் கோடையில் நாற்பது வயது நிறைகிறது. அதற்கென ஒரு மலர் வெளியாகிறது. சென்ற பருவத்தில் அணியை நடத்திய இரண்டு குவாட்டர்பேக்குகளையும் ஒப்பிட்டு அவர் இரண்டு பக்கங்கள் எழுதித் தர வேண்டும் என்று கழகத் தலைவர் ரேத்தோ கேட்டிருந்தார். 'இதை உங்களைவிடச் சரியாக எழுதக்கூடியவர் எங்களிடம் இல்லை' என்பது கடைசி வரி. ஒவ்வொரு முறையும் அந்த வரிக்கு வந்ததும் தில்லைநாயகியின் கண் அங்கேயே தங்கிவிட்டது.

சுன்னாகத்தில் பிறந்த தில்லைநாயகிக்கு இப்போது வயது ஐம்பத்தாறு. தொண்ணூற்றேழாம் ஆண்டு, இங்கே ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த குகநாதனுக்கு மனைவியாக வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக மருத்துவமனையில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, தட்டுகளில் அடுக்கும் பிரிவில் பணி. ஒரு தட்டில் நாற்பத்தொரு கருவிகள் இருக்க வேண்டுமானால் அவர் அடுக்கிய தட்டில் நாற்பத்தொன்று இருக்கும். கூடவே செல்லும் சீட்டில் அவருடைய கையொப்பம் இருந்தால் மேல்மாடிச் சத்திரசிகிச்சை அறையில் எவரும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை என்று பிரிவிற் சொல்வார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதில் அவருக்கு அடக்கமான ஒரு பெருமை உண்டு.

கழகத்துக்கு அவரை இழுத்து வந்தவன் மகன் சயன். பதினாறு வயதில் அவன் இந்த ஆட்டத்தில் சேர்ந்தபோது, தமிழ்ப் பாடசாலையில் சந்திக்கும் தாய்மார், "ஏனக்கா, இருக்கிற ஒரே பிள்ளையை முட்டுப்பட விட்டிருக்கிறியள்?" என்று கேட்டார்கள். அதே பயத்தோடுதான் தில்லைநாயகியும் குடையும் தேநீர்ப் போத்தலுமாக மைதான ஓரத்துக்குப் போனார். எலும்பு முறிகிறதா என்று பார்க்கப் போனவர் ஆட்டத்தின் விதிகளைப் படித்துக்கொண்டு திரும்பினார். இரண்டு ஆண்டுகளில், அருகில் நிற்கும் சுவிஸ் தகப்பன்மார் சந்தேகம் வந்தால் அவரிடம் திரும்பிக் கேட்கும் நிலை வந்தது. புள்ளிவிவரம் எழுதியவர் வேறு நகருக்குக் குடிபெயர்ந்ததும் ரேத்தோ எழுதுபலகையை அவர் கையிற் கொடுத்தார். "முட்டைப் பந்துக்கும் ஒரு எழுதுவினைஞர்" என்று குகநாதன் கேலி செய்தார். ஆனால் போட்டி நாட்களில் மனைவிக்கு முட்டையும் இடியப்பமும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

இது காலால் உதைக்கும் பந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. எறிபவன் குவாட்டர்பேக், அணியின் மூளையும் கையும் அவனே. எறிந்ததை ஓடிப் பிடிப்பவன் ரிசீவர். சயன் ஆடியது அந்த இடத்தில். எறிந்த பந்து பிடிபடாமற் போனால், தாளை எழுதுபவர் அதற்கொரு காரணம் எழுதியாக வேண்டும்: எதிரணியினர் தட்டிவிட்டனரா, எறிந்தவன் தவறவிட்டானா, பிடிக்க வேண்டியவன் நழுவவிட்டானா? மூன்று கட்டங்களில் ஒன்றில் ஒரு சிறு கோடு. அந்தக் கோட்டை இடுவது எழுதுபவரின் கண்ணும் மனச்சாட்சியுந்தான்.

சென்ற பருவம் பத்துப் போட்டிகள் கொண்டது. முதல் ஐந்தில் அணியை நடத்தியவன் ஆண்ட்ரி. முப்பத்திரண்டு வயது, எம்ஸ் ஊரில் தச்சன், ஒன்பது ஆண்டுகளாக அந்த இடம் அவனுடையது. அமெரிக்காவிலிருந்து ஒப்பந்தம் செய்யப்பட்ட டெவினுக்கு வேலை அனுமதி பிந்திக் கிடைத்தபடியால் அடுத்த ஐந்தில் அவன் நடத்தினான். கழகத்தில் சம்பளம் பெறும் ஆட்டக்காரனின் இடம் ஒன்றே ஒன்று. பருவம் முடிந்ததும் இருவரையும் ஒப்பிட்டு அந்த இடத்தை ஒருவனுக்குக் கொடுப்பதென்று நிர்வாகக்குழு முன்கூட்டியே முடிவு செய்திருந்தது.

இருவரும் இரண்டு வார்ப்பு. ஆண்ட்ரி கட்டையான உடல்வாகு, அதிகம் பேசமாட்டான், பந்தைக் கடைசிக் கணம்வரை வைத்திருந்து, பிடிப்பவன் இனி எங்கே இருப்பானோ அங்கே வில்லைப்போல வளைத்து அனுப்புவான். ஒவ்வொருவனும் எத்தனை அடி வைத்துத் திரும்புவான் என்பது அவனுக்கு மனப்பாடம். டெவின் நெடியவன், சிரிப்பும் பேச்சுமாக இருப்பான், திட்டம் குலைந்தால் பக்கவாட்டில் ஓடி, ஓடிக்கொண்டே நேர்கோடாக எறிவான். ஆண்ட்ரி ஆடினால் எதிரணி சலிக்கும், டெவின் ஆடினால் எதிரணி மிரளும் என்று தில்லைநாயகி வீட்டில் ஒருமுறை சொன்னார். குகநாதன், "ரெண்டு பேரும் வந்தால் நாங்கள் சாப்பாட்டுக்குப் பிந்துவம்" என்றார்.

சயனுக்கு அது முதலாவது பெரியவர் பருவம். நழுவவிடும் ரிசீவர்களைப் பயிற்றுநர் ஐந்தாம் போட்டிக்குப் பிறகு இரண்டாம் அணிக்கு அனுப்பிவிடுவார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. முதற் போட்டியன்று மலையிலிருந்து ஃபோன் எனப்படும் வெப்பக் காற்று இறங்கி வீசியது. ஆண்ட்ரி எறிந்த பந்து சயனின் கைகளுக்கு வந்து, வெளியே போயிற்று. காற்று பந்தைத் தூக்கியதா, பையன் விட்டானா? அந்த ஒன்றில் தில்லைநாயகிக்கு உண்மையிலேயே ஐயம் இருந்தது. எறிந்தவன் பிழை என்று கோடிட்டார். அடுத்த பந்தில் ஐயம் இருக்கவில்லை. அது மகனின் நெஞ்சில் பட்டு விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி ஓடிவந்த அந்தச் சில விநாடிகளில், எழுதுகோல் தானாகவே எறிந்தவன் பிழை என்ற கட்டத்துக்குப் போயிற்று. கை தானாகப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஐந்து போட்டிகளில் அப்படி ஒன்பது கோடுகள். சயன் அணியில் நிலைத்தான். டெவினின் காலத்தில் அவன் இரண்டு பந்துகளை நழுவவிட்டபோது, இடம் உறுதியாகிவிட்டபடியால், அவர் இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதினார். பிற்பாடு நினைக்கையில் ஒன்பதைக் காட்டிலும் அந்த இரண்டுமே அவரை அதிகம் சுட்டன. உண்மை எழுதத் தெரியாமல் அல்லவே முன்பு பொய் எழுதியது!

செப்டெம்பரில் நிர்வாகக்குழு கூடியது. எறிந்தவன் பிழை என்ற கட்டத்தில் ஆண்ட்ரிக்கு முப்பத்தாறு கோடுகள், டெவினுக்கு இருபத்தாறு. ஆட்டமுறையைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொன்னவர்கள், இலக்கத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இடம் டெவினுக்குப் போயிற்று. ஆண்ட்ரி ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லையாம். உடைப்பெட்டியின் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனானாம். இதை ரேத்தோ சொல்லக் கேட்டபோது தில்லைநாயகி குறுக்கிட்டிருக்கலாம். கோப்பித் தூளைக் கோப்பையில் போட்டுக் கலக்கிக்கொண்டு நின்றார்.

பிறகு எம்ஸ் வழியாகப் போகும் பேருந்தில் அவர் ஏறுவதில்லை. டிசெம்பர் மாதத்தில் ஒருநாள், ரயில் நிலையத்துப் படிக்கட்டில் ஆண்ட்ரியே எதிரே வந்து நின்றான். தப்ப வழியில்லை. அவன் மலர்ந்த முகத்தோடு கைகொடுத்து, அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்ததாகச் சொன்னான். அந்தத் தாளைப் பார்த்திராவிட்டால் தன் எறி தவறுகிறது என்பதே தனக்குத் தெரிந்திராது என்றான். இப்போது தோளைத் தாழ்த்தி, பந்தைச் சீக்கிரம் விடப் பழகுகிறானாம். பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய கார் ரயரைக் கட்டித் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு நூறு பந்து எறிகிறானாம். "எனக்கு நேராகப் போனதாகத்தான் தெரிந்தது, தில்லா. ஆனால் நீங்கள் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும்."

அன்றைக்கு வாங்க வந்ததை வாங்காமலே அவர் வீடு திரும்பினார். ஒருவனுடைய இடம் போயிற்று என்றே அதுவரை நினைத்திருந்தார். அவனுடைய கையே அவனுக்கு அந்நியமாகிக்கொண்டிருந்தது என்பதை அவர் எண்ணவில்லை. தன் கண்ணைவிட, தன் தோளைவிட, அவருடைய கோட்டை அவன் நம்பியிருந்தான். சுவாமிப் படத்துக்கு முன் நிற்கும்போதும் ரயர் ஆடுவதே மனக்கண்ணில் தெரிந்தது. ஆயினும் சொல்லவில்லை. சயனுடைய பெயர் கெடுமே என்று ஒருநாள். இனி என்ன பயன் என்று மறுநாள். காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அந்த நிலையிலேதான் ரேத்தோவின் மின்னஞ்சல் வந்தது. சரிபார்ப்பதற்காகப் பத்துப் போட்டிகளின் காணொளிகளையும் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலையில் தில்லைநாயகி சாப்பாட்டு மேசையில் மடிகணினியை வைத்து ஒவ்வோர் எறியாகப் பார்த்தார். ஒன்பதில் எட்டு, சந்தேகத்துக்கு இடமின்றி மகனின் கைகளிலோ மார்பிலோ வந்து பட்டிருந்தன. காற்றடித்த அந்த முதற்பந்துங்கூட, ஒளிப்பதிவை மெதுவாக்கிப் பார்த்தபோது, நேராகவே வந்திருந்தது. முப்பத்தாறிலிருந்து ஒன்பதைக் கழித்தால் இருபத்தேழு. டெவினுக்கு இருபத்தாறு. இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஒரே ஒரு பந்து.

குளித்துவிட்டு வந்த சயன் அவருக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். மூடுவதற்கு அவர் கை போயிற்று, பிறகு மூடவில்லை. கதிரையை இழுத்து அவனை இருக்கச் சொல்லி, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். மகனிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாய் எந்தக் குரலிற் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. பணியிடத்தில் அறிக்கை கொடுப்பதுபோலச் சொன்னார்.

"எனக்குத் தெரியும், அம்மா" என்றான் சயன். "என்ர கையால விட்டது எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏனடா சொல்லேல்லை?"

"நீங்கள் பார்க்கேல்லையாக்கும் எண்டு முதல் நினைச்சன். பிறகு, எனக்காகச் செய்யிறியள் எண்டு விளங்கிச்சு. அதைப் போய் யாரிட்டச் சொல்லுறது?" அவன் ஈரத் தலையைத் துவாயால் அழுத்தித் துடைத்தான். "உங்கட தாளில நான் விடாத ஆள். அதாலதான் கோச் என்னைப் பிடிச்சுப் பழக்கேல்லை. மற்றவங்களை ட்ரெய்னிங் முடிஞ்சாப் பிறகும் நிப்பாட்டி வைச்சவர். என்னை வீட்டுக்குப் போ எண்டவர்."

சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த குகநாதனின் கத்திச் சத்தம் நின்றது. அவர் எட்டிப் பார்த்து, மனைவியின் முகத்தைக் கண்டு, மறுபடி வெட்டத் தொடங்கினார்.

திங்கட்கிழமை ஓய்வுநாள். தில்லைநாயகி எம்ஸ் பேருந்தில் ஏறினார். தச்சுப்பட்டறையில் ஆண்ட்ரி ஒரு கதவின் விளிம்பை இழைத்துக்கொண்டிருந்தான். மரத்தூளைத் தட்டிவிட்டு ஒரு முக்காலியைக் காட்டினான், அவர் உட்காரவில்லை. வழியெல்லாம் ஜெர்மன் மொழியில் அடுக்கி வந்திருந்த வாக்கியங்கள் அவனைக் கண்டதும் குலைந்தன. ஒன்பது பந்துகள் உங்களுடைய பிழை அல்ல, என் மகனுடைய பிழை, தெரிந்தே மாற்றி எழுதினேன் என்று மூன்று துண்டுகளாகத்தான் சொல்ல முடிந்தது. பிறகு மடிகணினியைத் திறந்து மரம் அறுக்கும் மேசைமேல் வைத்தார்.

ஆண்ட்ரி ஒன்பதையும் பார்த்தான். நான்காவதைத் திரும்பப் போடச் சொன்னான். பந்து வளைந்து வந்து சயனின் மார்பில் இறங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னான். அவனுடைய வலக்கை அவனை அறியாமலே மெல்ல உயர்ந்து, பந்தில்லாமல் எறிந்து, தாழ்ந்தது.

"அப்படியென்றால் என் கைக்கு ஒன்றுமே இருக்கவில்லை" என்றான்.

"இருக்கவில்லை."

"இப்போது இருக்கிறது. ஐந்து மாதமாக வேறு மாதிரி எறிகிறேன். பழையது எப்படியென்று தோள் மறந்துவிட்டது." இதை அவன் கோபத்தோடு சொல்லவில்லை, கதவொன்றின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னான். தில்லைநாயகி மன்னிப்புக் கேட்டார். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த நாட்டில் பேருந்திலும் கடையிலும் எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன அதே சொல். அதைத் தவிர வேறு சொல் அவரிடம் இருக்கவில்லை. ஆண்ட்ரி தலையசைத்து, தனக்கு வேலை இருக்கிறது, இப்போது அவர் போவது நல்லது என்றான். பட்டறையை விட்டு வெளியே வந்தவருக்கு, பின்புறத்தில் தொங்கிய ரயரைப் பாராமல் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வழி இருக்கவில்லை. பந்து அடிபட்டு அடிபட்டு அதன் உள்ளோரம் வெளிறியிருந்தது.

அன்று மாலையே ரேத்தோவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். ரேத்தோ இலக்கங்களைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். டெவினின் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அதை மாற்ற வழியில்லை என்றார். சரியான இலக்கங்கள், அவருடைய விளக்கக் குறிப்போடு, மலரில் வரும் என்றார். சயன் இளவேனிற் பயிற்சிமுகாமில் புதியவர்களோடு சேர்ந்து மீண்டும் இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கும் என்றும் தயக்கத்தோடு சொன்னார். தில்லைநாயகி அதற்கு ஓம் என்றார். மகன் ஆடும் போட்டிகளில் இனிமேல் தாம் தாள் எழுதுவதில்லை என்பதையும் அவரே சொன்னார். ரேத்தோ மறுக்கவில்லை. மறுப்பாரென்று தம்முள் ஒரு மூலை எதிர்பார்த்திருந்ததை அப்போதுதான் அவர் அறிந்து வெட்கினார்.

இரண்டு பக்கங்களை எழுத அவருக்குப் பத்து நாட்கள் சென்றன. டெவினைக் குறைத்து எழுத ஆசை வந்தது. அது வேறொரு பொய் என்று அடித்தார். ஆண்ட்ரியைத் தூக்கி எழுத ஆசை வந்தது, அதையும் அடித்தார். ஒருவன் திட்டத்தைக் காப்பவன், மற்றவன் திட்டம் உடைந்த இடத்தில் ஆடுபவன். ஐந்து போட்டிகளின் இலக்கங்கள் இருவரில் எவரையும் மேலானவர் என்று காட்டப் போதா. போதும் என்று நிர்வாகக்குழு நம்பியது என் தாளில் இருந்த ஒன்பது பொய்க் கோடுகளால், என்று முடித்துத் தம் முழுப்பெயரையும் எழுதினார்.

மார்ச் இரண்டாம் வாரம் ஆண்ட்ரியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'சனி, காலை பத்து மணி, மைதானம். தாள் கொண்டு வாருங்கள். சயனும் வரட்டும்.' அதற்கு மேலும் கீழும் ஒன்றும் இல்லை. மன்னிப்பா, தண்டனையா என்று தெரியாமலே இருவரும் போனார்கள். கலண்டா மலையில் பனி பாதிக்கு இறங்கியிருந்தது. புல் நனைந்து கிடந்தது. பத்து மணிக்கு முன்பே வந்து தோளைச் சூடேற்றிக்கொண்டிருந்த ஆண்ட்ரி, வணக்கம் சொன்னானே ஒழியக் கைகொடுக்கவில்லை. தன் தோள் எங்கே தவறுகிறது என்று தனக்கே தெரியவில்லை, ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். முப்பது பந்து எறிவான், சயன் பிடிப்பான், அவர் எழுத வேண்டும்.

தில்லைநாயகி கோட்டுக்கு வெளியே நின்று எழுதினார். முதல் பத்தில் நான்கு மேலே போயின. அவர் நான்கு என்று சொன்னார். ஐந்து மாத உழைப்பின் பயனை அவன் முகத்துக்கு நேரே வாசிப்பது எளிதாக இருக்கவில்லை. அடுத்த பத்தில் இரண்டை சயன் கைக்கு வந்தபின் விட்டான். அதையும் உரக்கச் சொன்னார். சயன் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு, ஓம் என்றான்.

இருபத்தேழாவது பந்து உயரமாக வந்தது. சயன் எம்பிக் குதித்தான். பந்து அவன் விரல்நுனிகளில் தொட்டு, பின்னால் போய் உருண்டது.

"என்ர பிழை, அம்மா" என்று அவன் தமிழிற் சொன்னான். "பிடிச்சிருக்கலாம்."

ஆண்ட்ரி அவர்களுடைய மொழியை அறியான். ஆனால் சொன்னது விளங்கியிருக்க வேண்டும். அவன் அசையாமல் நின்று தில்லைநாயகியைப் பார்த்தான். சயனும் பார்த்தான். மகனின் கட்டத்தில் கோடிடுவது அன்றைக்கு எவ்வளவு இலகு! மகனே ஒப்புக்கொள்கிறான், கடன்பட்ட மனமும் அதையே கேட்கிறது. ஒரு சிறு கோடு. ஆண்ட்ரியின் முகம் கொஞ்சம் வெளிக்கும். அவர் கண்ணை மூடி, பந்து வந்த வழியை மறுபடி மனத்தில் ஓடவிட்டார். அது எம்பிய சயனின் தலைக்கும் மேலே ஒரு முழத்துக்கும் அப்பால் வந்திருந்தது. தொட்டதே பெரிது.

"உயரம்" என்றார் ஜெர்மன் மொழியில். "எறிந்தது பிழை. தோள் இன்னும் சீக்கிரம் விடுகிறது."

எழுதுகோலை அழுத்திக் கோடிட்டார். ஆண்ட்ரி குனிந்து அடுத்த பந்தை எடுத்து, அதன் தையலில் விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, முன்னொரு காலத்தில் செய்ததுபோல, கொஞ்சம் பொறுத்து எறிந்தான்.